விண்மீன் மரணங்களின் வரலாறு – 9: காசியோப்பியாவின் இரு தாரைகள்

சென்ற பகுதி 1934இல் வந்து நின்றது. சூப்பர்நோவா என்பது ஒரு சாதாரண விண்மீன் நியூட்ரான் விண்மீனாக மாறும் நிகழ்வு என்று வால்டர் பாடேயும் ஃபிரிட்ஸ் சுவிக்கியும் அந்த ஆண்டு எழுதினார்கள். நியூட்ரானைக் கண்டுபிடித்து அப்போது இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன என்பதை நினைத்தால் அந்தத் துணிச்சல் புரியும். அவர்கள் சொன்னதன் சாரம் இன்றும் நிற்கிறது. சூரியனைவிட எட்டு மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீன் தன் எரிபொருளைப் படிப்படியாக எரித்து நடுவில் இரும்புக் கருவகம் ஒன்றைச் சேர்க்கிறது. இரும்பை எரித்து ஆற்றல் பெற வழியில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு இங்கிலாந்து சென்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930களின் தொடக்கத்தில் கணக்கிட்ட எல்லையை, அதாவது ஏறத்தாழ 1.4 சூரிய நிறையை, நெருங்கியதும் கருவகம் தன் எடையைத் தாங்காமல் சரிகிறது. பூமியளவு இருந்த உருண்டை ஒரு வினாடிக்கும் குறைந்த நேரத்தில் சில பத்துக் கிலோமீட்டர் அகலத்துக்குச் சுருங்கிவிடுகிறது. உள்நோக்கி விழுந்த பொருள் எதன் பலத்தில் வெளிநோக்கிச் சிதறியது என்ற கேள்வி மட்டும் மிச்சமிருந்தது. கடந்த அறுபது ஆண்டுகளாக இதற்கு இரண்டு பதில்கள் போட்டியிடுகின்றன. ஒன்று பாடநூல்களில் இடம்பிடித்தது. மற்றொன்று பலமுறை ஒதுக்கப்பட்டுப் பலமுறை திரும்பி வந்தது. இரண்டாவதற்கு இதுவரை கொடுத்ததைவிட அதிக இடம் கொடுக்க வேண்டும் என்பதே இந்தப் பகுதியின் வாதம். அதற்கு நான் முன்வைக்கும் முதன்மைச் சான்று, வெடித்து முடிந்தபின் வானில் மிதக்கும் சிதறல்கள்.

முதல் பதில் நியூட்ரினோ. சரியும் கருவகம் அணுக்கருவின் அடர்த்தியை எட்டியதும் மேலும் சுருங்க மறுத்து எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பில் ஓர் அதிர்வலை பிறந்து வெளிநோக்கி ஓடுகிறது. அது நேராக மேற்பரப்புவரை சென்று விண்மீனை உடைத்துவிட்டால் கதை எளிதாக முடிந்திருக்கும். ஆனால் பொங்கி வந்த பால் தீ தணிந்ததும் அமர்ந்துவிடுவதுபோல, மையத்திலிருந்து 100, 150 கிலோமீட்டர் தாண்டியதுமே அது தேங்கிப்போகிறது. வழியில் உள்ள இரும்பு அணுக்கருக்களை உடைப்பதிலேயே அதன் ஆற்றல் கரைந்துவிடுகிறது. தேங்கிய அலைக்கு மறுபடி உயிர்கொடுப்பது எது? ஸ்டர்லிங் கோல்கேட்டும் ரிச்சர்டு ஒயிட்டும் 1966இல் நியூட்ரினோவைக் கைகாட்டினார்கள். ஜேம்ஸ் வில்சனின் கணினிக் கணக்குகளைக் கொண்டு ஹான்ஸ் பெத்தேயும் வில்சனும் 1985இல் அதைச் செம்மைப்படுத்தினார்கள்: பிறந்த நியூட்ரான் விண்மீன் கக்கும் நியூட்ரினோக்களில் ஒரு சிறு பங்கு அலைக்குப் பின்னாலுள்ள பொருளில் உறிஞ்சப்பட்டால், அந்தச் சூடே அலையை மீண்டும் தள்ளிவிடும். வரவுசெலவுக் கணக்கும் இதற்குச் சாதகமாக இருந்தது. சரிவில் விடுபடும் ஆற்றலில் 99 விழுக்காடு நியூட்ரினோக்களாகவே வெளியேறுகிறது. வெடிப்புக்குத் தேவையானது அதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 1987 பிப்ரவரி 23 அன்று பெரிய மெகல்லன் முகிலில் விண்மீன் ஒன்று வெடித்தபோது, ஜப்பானின் கமியோகாண்டே, அமெரிக்காவின் ஐ.எம்.பி., சோவியத் நாட்டின் பக்சான் ஆகிய மூன்று கருவிகளிலுமாகச் சுமார் 25 நியூட்ரினோக்கள் சில வினாடிகளுக்குள் பதிவாயின. நியூட்ரினோக்கள் வருகின்றன என்பது உறுதியானது. அவைதான் விண்மீனை உடைத்தன என்பதும் உறுதியாகிவிட்டதுபோல் பலர் பேசத் தொடங்கினார்கள். அந்த இரண்டாவது முடிவுக்கு 1987இன் பதிவுகளில் ஆதாரம் இல்லை.

இரண்டாவது பதிலின் வயதும் ஏறக்குறைய இதேதான். 1970இல் ஜேம்ஸ் லெப்ளாங்கும் அதே வில்சனும் சுழலும், காந்தப்புலமுள்ள ஒரு கருவகம் சரிவதைக் கணினியில் நடத்திப் பார்த்தார்கள். காந்தப்புலம் முறுக்கேறி, சுழலச்சின் இரு முனைகளிலும் பொருளைத் தாரையாகப் பீய்ச்சியது. அதே ஆண்டு சோவியத் நாட்டில் கென்னாடி பிஸ்நோவாத்தி-கோகன் சுழற்சியும் காந்தப்புலமும் சேர்ந்து வெடிப்பை நடத்தும் என்று தனியாக எழுதினார். இந்த எண்ணம் ஒதுக்கப்பட்டதற்கு நியாயமான காரணம் இருந்தது. தாரைக்கு ஆற்றல் தருவது சுழற்சி என்றால் கருவகம் மிக வேகமாகச் சுழன்றிருக்க வேண்டும். அதன் வாரிசான நியூட்ரான் விண்மீனும் பிறக்கும்போது ஒரு வினாடிக்குப் பல நூறு தடவை சுழல வேண்டும். 1054இல் தெரிந்த வெடிப்பின் எச்சமான நண்டு நெபுலாவின் நடுவிலுள்ள நியூட்ரான் விண்மீன், அதாவது துடிவிண்மீன், இன்று ஒரு சுற்றுக்கு 33 மில்லி வினாடி எடுத்துக்கொள்கிறது. அது வேகம் குறைந்துவரும் வீதத்தைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டால் பிறக்கும்போது 20 மில்லி வினாடிக்குச் சற்றுக் குறைவாக இருந்திருக்கும். அந்தச் சுழற்சியில் அடங்கிய ஆற்றல், சாதாரண சூப்பர்நோவா ஒன்றின் வெடிப்பு ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. பெரும்பாலான கருவகங்கள் மெதுவாகச் சுழல்பவை என்றால் தாரைக்கு அங்கே வேலையில்லை. கோப்பு மூடப்பட்டது.

அதைத் திறந்தவை காமா கதிர் வெடிப்புகள். அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா ஏவிய வேலா செயற்கைக்கோள்கள் 1967 ஜூலையில் பிடித்த முதல் வெடிப்பு 1973இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. நிறைமிக்க விண்மீன் கருந்துளையாகச் சரியும்போது அதைச் சுற்றி உருவாகும் திரள் வட்டிலிருந்து தாரை கிளம்பலாம் என்று ஸ்டான் வூஸ்லி 1993இல் எழுதினார். 1998 ஏப்ரல் 25 அன்று பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள் கண்ட காமா வெடிப்பின் திசையிலேயே 1998பிடபிள்யூ என்ற சூப்பர்நோவா தென்பட்டது. 2003 மார்ச் 29இன் வெடிப்புக்குப் பின்னும் அதே இடத்தில் சூப்பர்நோவாவின் நிறமாலை தெளிவாக எழுந்தது. அதன்பின் யாரும் மறுக்கவில்லை. ஒளியின் வேகத்தை ஒட்டிய தாரை விண்மீனைத் துளைத்து வெளிவருவது நடக்கிறது. உடன் வரும் சூப்பர்நோவாவின் ஆற்றலும் வழக்கத்தைப்போல் பத்து மடங்கு. நியூட்ரினோ அவ்வளவு தராது. இங்கிருந்து ஒரு சமரசம் பிறந்தது. நூற்றில் ஒன்றுக்கும் குறைவான அபூர்வ மரணங்களைத் தாரை நடத்தட்டும், மீதி அனைத்தையும் நியூட்ரினோ நடத்தட்டும். பலருக்கும் வசதியான பங்கீடு இது. ஆனால் சாதாரண விண்மீன்கள் வெடிப்பதையும் வெடித்தபின் கிடப்பதையும் நெருங்கிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கோடு நிலையாக நிற்கவில்லை.

முதல் தடயம் ஒளியின் தளவிளைவில், அதாவது ஒளியலை ஒரே தளத்தில் அதிரும் போக்கில், கிடைத்தது. வெகுதூரத்து சூப்பர்நோவா எந்தத் தொலைநோக்கியிலும் ஒரு புள்ளிதான். ஆனால் அது கோளமாக விரிந்தால் எல்லாத் திசைகளின் தளவிளைவும் ஒன்றையொன்று நீக்கிவிடும். நீண்டோ தட்டையாகவோ இருந்தால் சிறிது மிஞ்சும். டெக்சஸில் உள்ள மெக்டொனால்டு ஆய்வகத்தில் கிரெய்க் வீலரும் லிஃபான் வாங்கும் 1990களில் இதை ஒவ்வொரு வெடிப்பாக அளந்தார்கள். கருவகம் சரிந்து வெடித்தவற்றில் பெரும்பாலும் ஒரு விழுக்காட்டு அளவில் தளவிளைவு இருந்தது. வெளிப்போர்வை மெலிய மெலிய, உள்ளே பார்க்கப் பார்க்க, அது கூடியது. 2004டிஜே என்ற மிகச் சாதாரண சூப்பர்நோவாவில் ஹைட்ரஜன் போர்வை ஒளிபுகும்படி மெலிந்த கட்டத்தில், அதுவரை இல்லாத தளவிளைவு திடீரென உயர்ந்தது. 2024 ஏப்ரலில், 2.2 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள என்.ஜி.சி. 3621 என்ற விண்மீன் மண்டலத்தில் சிவப்புப் பெருமீன் ஒன்று வெடித்தது. கண்டுபிடித்த 26 மணி நேரத்துக்குள் சிலியில் உள்ள ஐரோப்பியத் தொலைநோக்கி அதை நோக்கித் திரும்பியது. வெடிப்பு மேற்பரப்பை உடைத்துக்கொண்டு வந்த கணத்தின் வடிவம் முதன்முறையாக அளக்கப்பட்டது. அது ஓர் அச்சில் நீண்டிருந்தது. பிறகு சுற்றியிருந்த வாயுவில் மோதி வடிவம் மாறியபோதும் அச்சு மாறவில்லை. அபூர்வமான எதுவும் அந்த விண்மீனில் இல்லை. கோளம் அல்ல என்பதால் மட்டும் தாரை என்று ஆகிவிடாது என்று எதிர்த்தரப்பு சொல்வது சரியே. நியூட்ரினோச் சூட்டில் எழும் வெப்பச்சலனக் குமிழ்களும் வெடிப்பை ஒருபக்கமாக இழுக்கும். எனவே புள்ளியை விட்டுவிட்டு, உறுப்புகளைத் தனித்தனியாகப் பார்க்கக்கூடிய எச்சங்களுக்குப் போக வேண்டும்.

அவற்றில் தலையாயது காசியோப்பியா-ஏ. ஏறத்தாழ 11,000 ஒளியாண்டு தொலைவில், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெடிப்பு தெரிந்திருக்க வேண்டிய எச்சம் அது. சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி 1999 ஜூலையில் ஏவப்பட்டு, ஆகஸ்டில் உலகுக்குக் காட்டிய முதல் படத்திலேயே இந்த எச்சமும், அதன் நடுவில் அதுவரை யாரும் காணாத ஒரு புள்ளியும் தெரிந்தன. அந்தப் புள்ளிதான் நியூட்ரான் விண்மீன். பின்னர் சந்திரா அதைப் பத்து லட்சம் வினாடி உற்றுநோக்கி எடுத்த படம் 2004இல் வந்தது. கிட்டத்தட்ட வட்டமான ஓட்டின் வடகிழக்கு விளிம்பைக் கிழித்துக்கொண்டு இழைஇழையாக நீளும் ஒரு தாரை, அதற்கு நேர் எதிரே தென்மேற்கில் அதைவிட மங்கலான இன்னொன்று. வடகிழக்குத் தாரையின் முனையிலுள்ள முடிச்சுகளின் நகர்வை ராபர்ட் ஃபெசனும் குழுவினரும் ஹபிள் படங்களை ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டு அளந்தார்கள். வினாடிக்கு 15,000 கிலோமீட்டரை நெருங்கும் வேகம்; ஓட்டின் பிற பகுதிகளோ 5,000 அல்லது 6,000இல் போகின்றன. அந்தத் தாரைகளில் இருப்பது சிலிக்கன், கந்தகம் போன்றவை. விண்மீனின் வெளிப்போர்வையில் கிடைக்காத, கருவகத்தை ஒட்டிய அடுக்கில் மட்டும் சமைக்கப்படும் பொருள் அது. ஆழத்தில் இருந்தது, அதற்கு மேலிருந்த எல்லா அடுக்குகளையும் முந்திக்கொண்டு வெளியே நிற்கிறது. விண்மீனுக்கு வெளியே இருந்த வாயு இப்படி ஒரு வடிவத்தை உண்டாக்கியிருக்கும் என்று சொல்பவர்கள், அந்தச் சிலிக்கன் அங்கே வந்த வழியையும் சொல்ல வேண்டும்.

காசியோப்பியா-ஏ தாரைக்காரர்களுக்கு எளிய வெற்றியைத் தந்துவிடவும் இல்லை. கடுமையான மறுப்பு 2014இல் நுஸ்டார் தொலைநோக்கியிலிருந்து வந்தது. டைட்டானியம்-44 என்ற கதிரியக்க அணு, வெடிப்பின் அடிவயிற்றில், நியூட்ரான் விண்மீனை ஒட்டிய இடத்தில் மட்டும் உருவாகும். அதன் அரை ஆயுள் சுமார் 60 ஆண்டு. ஆகவே அது எங்கே கிடக்கிறது என்பது வெடிப்பு இயந்திரம் எந்தத் திசையில் தள்ளியது என்பதற்கு நேரடிச் சாட்சி. ஓர் அச்சில் பீய்ச்சிய இரு தாரைகளே விண்மீனை உடைத்திருந்தால் டைட்டானியம் அந்த அச்சோரம் குவிந்திருக்க வேண்டும். நுஸ்டார் கண்டதோ அங்கங்கே திரண்ட கட்டிகள். அவை தாரைகளின் வழியில் இல்லை. பெரும்பகுதி, நியூட்ரான் விண்மீன் ஓடிக்கொண்டிருக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் கிடந்தது. நியூட்ரினோக் கணக்குகள் சொல்வதோடு இது அழகாகப் பொருந்துகிறது. கூடவே இன்னொரு கணக்கும் உண்டு: இரு தாரைகளின் ஆற்றலையும் கூட்டினால் மொத்த வெடிப்பின் இருபதில் ஒரு பங்கு அளவில்தான் நிற்கிறது. நிலையான ஒரே அச்சில் பீய்ச்சும் தாரையே சாதாரண சூப்பர்நோவாவை நடத்துகிறது என்ற 1970களின் எண்ணம் இந்த இரண்டு அளவீடுகளுக்குப்பின் எழ முடியாது. அதைக் காப்பாற்ற முயல்வதில் பயனும் இல்லை.

ஆனால் அச்சு நிலையானது என்பதை யார் சொன்னது? இந்தக் கேள்வியைக் கேட்டவர் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் உள்ள டெக்னியன் நிறுவனத்தின் நோவாம் சோக்கர். சூரியனைப் போன்ற சிறு விண்மீன்கள் சாகும்போது உதறும் கோள்வடிவ நெபுலாக்களில் பல ஆண்டுகள் செலவிட்டவர் அவர். அவற்றில் பல, மையத்தின் இருபுறமும் ஒன்றுக்கொன்று நேரெதிரான சோடிகளைக் கொண்டவை. ஒவ்வொரு சோடியும் வேறுவேறு கோணத்தில் சாய்ந்திருக்கும். திசை மாறிமாறிப் பீய்ச்சிய தாரைகளின் தடம் அது. 2011இல் அவரும் ஓடட் பாப்பிஷும் அதே எண்ணத்தைச் சூப்பர்நோவாவுக்குள் கொண்டுவந்தார்கள். கருவகம் முழுவதுமாக வேகமாகச் சுழலத் தேவையில்லை. அதைப் போர்த்தியிருக்கும் சிலிக்கன், ஆக்சிஜன் அடுக்குகள் வெப்பச்சலனத்தில் கொதித்துக்கொண்டிருப்பவை. ஒவ்வொரு கொதிச்சுழலும் தனக்கென ஒரு திசையில் கோண உந்தம் கொண்டது. மொத்தத்தில் கூட்டினால் பூச்சியத்தை ஒட்டி வரும். ஆனால் அடுக்கு அடுக்காக விழும்போது, ஒரு கணத்தில் விழும் பொருளுக்கு ஒரு திசையிலும் அடுத்த கணத்தில் விழுவதற்கு வேறு திசையிலும் சுழற்சி இருக்கும். ஆகவே புதிய நியூட்ரான் விண்மீனைச் சுற்றி நொடிப்பொழுதுக்கு ஒரு வட்டு, அதிலிருந்து ஒரு சோடித் தாரை, அது கலைந்து வேறு சாய்வில் இன்னொரு வட்டு, இன்னொரு சோடி. சில வினாடிகளுக்குள் ஐந்திலிருந்து முப்பது தடவைவரை இது நடக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. முதலில் வரும் தாரைகள் கருவகத்தின் மிச்சத்துக்குள்ளேயே தேங்கிச் சூடாகி, குமிழ்களை ஊதி, விண்மீனை உடைக்கின்றன. உடைந்ததும் உள்ளே விழும் பொருள் நின்றுபோகும், தாரையும் ஓயும். கடைசியில் வரும் ஓரிரு சோடிகள் மட்டும் உடைந்து விரியும் சிதறலைத் துளைத்து வெளியே வந்து தடம் பதிக்கின்றன. நண்டு நெபுலாவின் மந்தச் சுழற்சி எழுப்பிய பழைய மறுப்புக்கும், காசியோப்பியா எழுப்பிய புதிய மறுப்புகளுக்கும் இங்கே பதில் இருக்கிறது. இருபதில் ஒரு பங்கு என்பது கடைசிச் சோடியின் கணக்கு. டைட்டானியம் வேறு திசைகளில் கிடப்பது அதற்கு முந்தைய சோடிகளின் வேலை.

எந்தத் திசையில் எது கிடந்தாலும் முந்தைய தாரை என்று சொல்லித் தப்பிக்கலாமே, இப்படிப்பட்ட கோட்பாட்டை எப்படிப் பொய்யென்று காட்டுவது? இந்தக் கேள்விதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் கூர்மையானது. பதில் ‘சோடி’யில் இருக்கிறது. வெப்பச்சலனக் குமிழ் எங்கு வேண்டுமானாலும் எழும். அதற்கு எதிர்ப்புறம் துணை தேவையில்லை. தாரை என்றால் எதிரே ஒன்று இருந்தே ஆக வேண்டும், இரண்டையும் இணைக்கும் கோடு மையத்தின் வழியே போக வேண்டும், இரண்டிலும் ஒரே ஆழத்துப் பொருள் இருக்க வேண்டும். வேலா என்ற சூப்பர்நோவா எச்சம் இதற்குப் பொருத்தமான சோதனை. சுமார் 900 ஒளியாண்டு தொலைவில், முழுநிலவைப் பதினாறு முறை வரிசையாக வைக்கும் அகலத்தில் தென்வானில் விரிந்து கிடக்கிறது அது. அதன் விளிம்புக்கு வெளியே பாய்ந்து நிற்கும் ஆறு சில்லுகளை ரோசாட் செயற்கைக்கோள் 1995இல் காட்டியது. அவற்றில் ‘ஏ’ என்று பெயரிட்ட வடகிழக்குச் சில்லில் சிலிக்கன் மிகுந்திருந்தது. துணை எதுவும் இல்லாதவரை அது ஒரு தற்செயல் என்று சொல்லிவிடலாம். 2017இல் எச்சத்தின் எதிர்ப்புறத்தில் சிலிக்கன் செறிந்த இன்னொரு சில்லு கண்டறியப்பட்டது. மையத்துக்கு இருபுறமும், 11,000 ஆண்டுகளுக்குப் பின்னும், ஒரே ஆழத்துப் பொருள்.

இந்த இடத்தில் தாரைத் தரப்பு கவனமாக இருக்க வேண்டும். வேலாவின் நடுவிலுள்ள துடிவிண்மீனிலிருந்து இன்றும் தாரைகள் பாய்கின்றன. நண்டு நெபுலாவிலும் அப்படியே. அவை பிறந்த குழந்தையின் வேலை, பிரசவத்தின் வேலை அல்ல. அவற்றைக் காட்டி வெடிப்புத் தாரைக்கு ஆதாரம் தேடுவது குழப்பம். வடிவத்தை மட்டும் நம்புவதும் ஆபத்து. பீப்பாய்போலத் தெரியும் டபிள்யூ49பி எச்சத்தை 2013இல் தாரை வெடிப்பின் பிள்ளை என்றார்கள். பின்னர் 2018இல் அதன் தனிமங்களின் விகிதத்தை அளந்தவர்கள், அது கருவகச் சரிவே இல்லாமல் வெண்குறுமீன் ஒன்று வெடித்ததாக இருக்கலாம் என்று காட்டினார்கள். மனிதக் கண் எந்தப் புள்ளிக்கூட்டத்திலும் எதிரெதிர்ச் சோடிகளைக் கண்டுபிடிக்க ஆசைப்படும். சோக்கர் குழுவினர் அடையாளம் காட்டும் சோடிகள் பல கண்ணால் தேர்ந்தவை. தற்செயலாக அத்தனை சோடி அமையும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒவ்வொரு எச்சத்துக்கும் கணக்கிட்டால்தான் அவர்களின் பட்டியல் முழு எடை பெறும். சிலிக்கனும் வேகமும் உடன்வரும் காசியோப்பியாவையும் வேலாவையும் நான் முன்னால் வைப்பது இதனால்தான்.

கணினிகள் சொல்வது வேறாயிற்றே என்று கேட்கலாம். உண்மைதான். பிரின்ஸ்டனிலும் ஜெர்மனியின் கார்ஷிங்கிலும் நடக்கும் முப்பரிமாணக் கணக்குகளில், கடந்த பத்தாண்டுகளாக நியூட்ரினோச் சூட்டால் விண்மீன்கள் தாரையின்றியே வெடிக்கின்றன. 1980களிலிருந்து பல முறை தோற்ற முயற்சி வென்றது சிறிய விஷயமல்ல. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை காந்தப்புலத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. காந்தப்புலம் இல்லாத கணக்கில் தாரை வரவில்லை என்பதைத் தாரைக்கு எதிரான சாட்சியாக வைக்க முடியாது. மறுதரப்பின் கணக்குகளில் தாரையைக் கையால் புகுத்துகிறார்கள்; அதுவும் தாரை தானே பிறக்கும் என்பதற்குச் சாட்சி ஆகாது. இரு தரப்பும் இதில் சமமான கடனாளிகள். நியூட்ரினோ சூடேற்றுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. தேங்கிய அலையை உயிரோடு வைத்திருப்பதில் அதற்குப் பங்கு இருந்தே தீரும். ஆனால் அபூர்வங்களுக்கு மட்டும் தாரை என்ற பங்கீடு, காசியோப்பியாவின் சிலிக்கனையும் வேலாவின் எதிர்ச்சில்லையும் 2024இன் மாறாத அச்சையும் விளக்காமல் விட்டுவிடுகிறது. சாதாரண விண்மீனின் மரணத்திலும் தாரை இயங்கியது என்று கொள்வதே அவற்றுக்கு நேரான வாசிப்பு. அது முழு வேலையையும் செய்ததா, பாதியையா என்பதைச் சிதறலை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது.

தீர்க்கக்கூடிய அளவீடு ஒன்று இருக்கிறது. நம் பால்வெளிக்குள்ளேயே அடுத்த விண்மீன் வெடிக்கும்போது சூப்பர்-கமியோகாண்டே ஆயிரக்கணக்கான நியூட்ரினோக்களைப் பதியும். அவை சரிவின் நேரத்தையும் சூட்டையும் சொல்லும். தாரையைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஈர்ப்பு அலை. நியூட்ரினோக் கணக்குகளின்படி, புதிதாகப் பிறந்த நியூட்ரான் விண்மீன் அதிர்ந்து எழுப்பும் அலைகள் வினாடிக்குச் சில நூறு முதல் ஆயிரம்வரையான அதிர்வெண்ணில் வரும். திசைமாறும் தாரைகள் விண்மீனுக்குள் குமிழ்களை ஊதும்போது எழும் அலைகளோ மிகத் தாழ்ந்த சுருதியில், 5 முதல் 30 ஹெர்ட்ஸ்வரை இருக்கும் என்று சோக்கர் 2023இல் கணித்தார். ஈர்ப்பு அலைகளைக் கேட்கும் இன்றைய லைகோ கருவிகளின் செவி 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே நிலத்தின் நடுக்கத்தில் மழுங்கிவிடுகிறது. ஐரோப்பாவில் நிலத்தடியில் கட்டத் திட்டமிட்டுள்ள ஐன்ஸ்டைன் தொலைநோக்கி 3 ஹெர்ட்ஸ் அளவுவரை இறங்கிக் கேட்கும்படி வடிவமைக்கப்படுகிறது.